மஞ்சள் என்று நான் நினைத்த விளக்கு

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், உங்கள் கார் நலம். இந்த மூன்றில் நடுவில் உள்ளது மட்டும் முழு உண்மை. மற்ற இரண்டையும் விளக்கத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் என் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் அதிகம் வாதம் செய்யாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தைத் தாங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கவும். முடிந்தால் சாப்பிட்ட பிறகு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் வரிசை மாறிச் சொல்லிவிடுவேன், பின்னாலிருந்து என் மகள் "அப்பா என்ன பண்ணிட்டாராம்" என்பாள், அதற்குப் பிறகு பேச்சு என் கையில் இருக்காது. தவிரவும், ஞாயிறுதோறும் நீங்கள் "வண்டி ஓடிச்சா மாமா" என்று கேட்டபோதெல்லாம் நான் "ஓடிச்சு மாப்பிள்ளை" என்று சொல்லிவந்தேன். அவற்றில் மூன்று ஞாயிறு பொய். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன், சொந்தப் பிழையை எழுத்தில் திருத்துவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நீங்கள் புறப்பட்ட அன்று வாசலில் நின்று, சாவியை இரண்டு கையாலும் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை ஒரு இருபது நிமிஷம் ஓட்டினா போதும் மாமா, ஏதாவது லைட் எரிஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க" என்றீர்கள். நான் "அதெல்லாம் பாத்துக்கறேன்" என்றேன். "அதெல்லாம்" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் வைத்திருந்த பழைய காரில் ஒரே ஒரு எச்சரிக்கை விளக்குத்தான் உண்டு. அதுவும் எரியாது. வண்டி நின்றுவிட்டால் ஏதோ கோளாறு என்று நாங்களே புரிந்துகொள்வோம்.

முதல் ஞாயிறு குளித்து, சட்டை மாற்றி, உங்கள் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். திருகியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஒரு விளக்கு எரிந்தால் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பதினான்கு எரிந்தால் என்ன செய்வது என்று நாம் பேசவில்லை. சாவியை உடனே எடுத்துவிட்டேன். வண்டியை இரண்டு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி திருகினேன். மறுபடியும் அத்தனையும் எரிந்தது. கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வண்டியில் கெடுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று முடிவுகட்டினேன்.

பதறாமல் ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து, விளக்குகளை ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தேன். மூன்று ஞாயிறு வரைந்தேன். முதல் ஞாயிறு பதினான்கு, அடுத்த ஞாயிறு பன்னிரண்டு, அதற்கடுத்து பதினைந்து என்று எண்ணிக்கை ஏறி இறங்கியது. கோளாறுகள் தங்களுக்குள் கூடிக் குறைந்துகொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டேன். உங்கள் அத்தையிடம் படங்களைக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். "இது தண்ணி மோட்டார். இது மூக்கு நீண்ட கெட்டில், ஒரு சொட்டு சிந்துது. இது தண்ணியில விழுந்த சாவி. இந்த ஆள் மடியில தர்பூசணி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். இவற்றுள் எது அவசரம் என்று கேட்டேன். "தர்பூசணிக்காரர் நிம்மதியா இருக்காரு. சாவிய மொதல்ல எடுங்க" என்றாள்.

வண்டியோடு தந்த கையேடு இருக்கிறதே, அதைப் பார்க்கக்கூடாதா என்பீர்கள். பார்த்தேன். அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஆனால் ஒரு புத்தகத்தை நடுவிலிருந்து படித்து எனக்குப் பழக்கம் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் தொடங்கினேன். எண்பதாம் பக்கம் வருவதற்குள் அறுபத்தொரு பிழை. "இவ்விளக்கு எரிந்தால் ஓட்டுநரை உடனே அணைக்கவும்" என்று ஓரிடத்தில் அச்சாகியிருக்கிறது. எஞ்சினை என்று இருந்திருக்க வேண்டும். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "விளக்கு எரியறப்ப அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விளக்குகளைப் பற்றிய அத்தியாயம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருப்பதாகப் பொருளடக்கம் சொல்கிறது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

நான்காம் ஞாயிறு, எதிர் வீட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் இருக்கிறார் அல்லவா, அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "மூணு வாரமா சார் கார்ல உக்காந்து படம் வரையறீங்களே, ஏதாவது போட்டியா" என்று கேட்டார். நிலைமையை விளக்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை இன்னும் ஒரு திருகு திருகினார். எஞ்சின் ஓடியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"சாவி போட்டதும் எல்லாம் எரியணும் சார். எல்லாரும் வந்தாச்சான்னு வண்டி ஆஜர் எடுக்குது. ஸ்டார்ட் ஆனதும் போயிடணும். போகாம ஒண்ணு நின்னுச்சுன்னா அதுதான் சேதி."

"அப்போ எல்லாம் எரிஞ்சா நல்லது, ஒண்ணு எரிஞ்சா கெட்டது?"

"ஆமா. அதுலயும் சிவப்புன்னா அங்கயே ஓரங்கட்டணும். மஞ்சள்னா ஓட்டிக்கிட்டுப் போய் சீக்கிரம் காட்டணும். பச்சை, நீலம் சும்மா தகவல். இன்னும் ரெண்டு வாரம் நீங்க சாவியப் போட்டுப் படம் வரைஞ்சிருந்தா பேட்டரி படுத்திருக்கும்."

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒழுங்காக ஓட்டினேன் மாப்பிள்ளை. ஐந்தாம், ஆறாம் ஞாயிறு நீங்கள் கேட்டபோது நான் சொன்னது சத்தியம். சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் போய்க் காட்டு. இதைவிடத் தெளிவான விதி இலக்கணத்தில்கூட இல்லை. விதியில் ஒரு குறையும் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அத்தைக்கு வலது கண்ணில் புரை, இடது கண் பழுதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் புதன்கிழமை காலை பத்து மணி கொடுத்திருந்தார்கள். அந்த மணியை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வாடகைக் காருக்குச் சொல்லலாம் என்றாள் அத்தை. நம் வீட்டு வாசலில் மாப்பிள்ளை கார் நிற்கும்போது இன்னொரு காரில் போவது உங்களுக்கு அவமரியாதை என்று நான் சொன்னேன். அது காரணம் இல்லை. அவளை நானே கொண்டுபோய் விட வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

அன்று காலையில் கண்ணாடியைத் தேடி, ஆஸ்பத்திரி காகிதங்களைத் தேடி, கண்ணாடியை மறுபடி தேடி, ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். தெருமுனை திரும்பும்போது ஒரே ஒரு விளக்கு அணையாமல் நிற்பதைப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் ஓர் ஆச்சரியக்குறி. என் உத்தியோக காலம் முழுவதும் ஆச்சரியக்குறியை அடைப்புக்குறிக்குள் போடுகிற ஆசிரியர்களோடு நான் போராடியிருக்கிறேன். வியப்பு உண்மையானால் வெளியே போடு, இல்லையென்றால் எடுத்துவிடு என்பது என் கட்சி. எனவே அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தேன். மஞ்சள்.

"சிவப்பு எரியுதுங்க" என்றாள் அத்தை, பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து.

"மஞ்சள்" என்றேன்.

"சிவப்புங்க. நிறுத்துங்க."

"கண் ஆபரேஷனுக்குப் போறவ நிறம் சொல்றியா?"

"எனக்கு ஒரு கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இந்த வாதம் நான்கு சிக்னல் வரைக்கும் நடந்தது. வண்டி வழக்கம்போல இல்லாமல் இழுத்துக்கொண்டு போனது, மேடு ஏறுவதுபோல முனகியது, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களை முந்திப் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது சிக்னலில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. வெளியிலிருந்து வருகிறது என்றேன். ஜன்னலை ஏற்றினோம். வாசனை கூடியது. அப்போதுதான் அத்தை, குரலை உயர்த்தாமல், "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓரங்கட்டிவிட்டேன்.

நின்ற இடம் ஒரு பஞ்சர் கடை. கடையை நடத்துகிற அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து பின் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி, ஹேண்ட் பிரேக்கை அழுத்திக் கீழே இறக்கினார். விளக்கு அணைந்தது.

"பாதிதான் இறக்கியிருக்கீங்க ஐயா. பிரேக்கப் பிடிச்சிக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. செவப்பு லைட் எரிஞ்சிருக்குமே, பாக்கலையா?"

"பார்த்தேன். மஞ்சளா இருந்தது."

அவர் ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்து விளக்கை எரியவிட்டு, "இது என்ன நெறம்?" என்று கேட்டார். குழந்தையிடம் கேட்பதுபோல இல்லை, சோதிப்பதுபோலவும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி ஒரு பனி மாதிரி, அதற்குள் ஒரு வெளிச்சம், அதற்கு நிறம் என்று சொல்வதானால் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. அத்தை முன்னால் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்க்கவில்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டாள். உலகமே கொஞ்சம் மங்கிவிட்டது, வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளை.

மணி ஒன்பது நாற்பது. சக்கரம் பத்து நிமிஷம் ஆறட்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது என்றார் அந்த அம்மாள். அதற்குள் கடையின் பாதிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க பின்னால போய் அம்மா பக்கத்துல உக்காருங்க" என்றார். நான் இறங்கி, உங்கள் காரின் பின் இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாள் எங்களைப் பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, வண்டியை நிழலாகப் பார்த்து நிறுத்தி, சாவியை என்னிடம் தராமல் அத்தையிடம் தந்து, வந்த பேருந்தில் ஏறித் திரும்பிப் போய்விட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

அத்தையை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது அவள் நர்ஸிடம் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அரை மணி கழித்து ஒரு டாக்டர் வந்து, ஆபரேஷன் செய்கிறவர் இல்லை, வேறோர் இளம் டாக்டர், "ஐயா, சும்மாதானே இருக்கீங்க, உங்க கண்ணையும் ஒரு பார்வை பாத்துடலாம்" என்றார். எனக்கு ஒன்றும் கவலை இல்லை. அத்தையோடு நான்கு தடவை வந்திருக்கிறேன், அந்த எழுத்துப் பலகை எனக்கு மனப்பாடம். ஒரு பக்கத்தை ஒரு தடவை படித்தால் மறக்காது, தொழில் அப்படி. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேல் வரியிலிருந்து கீழே அச்சகத்தின் பெயர்வரை தங்குதடையில்லாமல் வாசித்தேன்.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "ரொம்ப நல்லாப் படிச்சீங்க ஐயா. நான் இன்னும் பலகைக்கு லைட்டே போடல" என்றார்.

லைட் போட்ட பிறகு மேலே இருந்து இரண்டு வரி தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை, அத்தையுடையதைவிட அதிகம் முற்றியது. "மங்கலாத் தெரியும், வெளிச்சம் சிதறும், நிறமும் சரியாப் பிடிபடாது. நீங்க எப்படி இங்க வந்தீங்க?" என்று கேட்டார். கார் என்றேன். யார் ஓட்டியது என்றார். பஞ்சர் கடை அம்மாள் என்றேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை என்பது எனக்கே பொறுக்கவில்லை, ஐந்து சிக்னல் வரைக்கும் நான் என்றும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேண்டாம் ஐயா. ஆபரேஷன் ஆகி நான் சொல்ற வரைக்கும் ஸ்டீயரிங்கத் தொடாதீங்க" என்றார். தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தேன். வரும் வழியில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டினோம், பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்து, "சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் நரைச்சிட்டீங்க" என்றாள். ஒரு வாரம் கழித்து, தன் கண்ணைச் சோதிக்கிறேன் என்று உங்கள் கையேட்டை எடுத்து உட்கார்ந்தாள். நான் திருத்திய அறுபத்தொரு பிழையில் பத்தொன்பது பிழையே இல்லையாம். இரண்டு இடத்தில் நான் நீக்கச் சொல்லியிருந்த முற்றுப்புள்ளி, காய்ந்துபோன எறும்பு. ஓட்டுநரை அணைக்கச் சொன்ன இடம் மட்டும் நிஜம் என்று உறுதிப்படுத்தினாள். உத்தியோகத்தின் கடைசி இரண்டு வருஷத்தில் என் கையைத் தாண்டிப் போன பிழைகளுக்கெல்லாம் நான் அச்சுக் கோர்ப்பவரைத் திட்டியிருக்கிறேன். அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்களுக்கு எழுதி முடித்த பிறகு.

காருக்கு வருகிறேன். மெக்கானிக் வந்து பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டையை மாற்றிவிட்டார், வேறு சேதம் இல்லை என்கிறார். கையேட்டில் சிவப்பு மை போகாது, மன்னிக்கவும். என் ஆபரேஷன் அடுத்த மாதம், ஒரு கண் முடிந்து இன்னொரு கண். இதை என் மகளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். "அப்பாவுக்குக் கண் சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், அடுத்த விமானத்தில் வந்து நின்று எங்களை மூட்டை கட்டிவிடுவாள். "அம்மாவுக்குக் கண் நல்லாயிடுச்சு" என்று ஆரம்பித்து, மெதுவாக என் பக்கம் வாருங்கள்.

உங்கள் காரை நான் இனித் தொடுவதாக இல்லை. உறை போட்டு, நான்கு மூலையிலும் நானே கயிறு கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறேன். சாவி பீரோவில் இருக்கிறது. நீங்கள் வந்து எடுக்கும்வரை வண்டி நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராது, இந்த வீட்டில் அதை ஓட்ட ஆளும் இல்லை. ஆகையால் நீங்கள் வரும் அன்று விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்துவிடவும். அழைக்க வர முடியாததற்கு வருந்துகிறேன். பொறுப்பாக ஒப்படைத்த பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற குறை எனக்கு இருக்கும். உங்களுக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள், அத்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீண்ட ஆயுளோடு எல்லாச் செல்வமும் பெற்று வாழ என் ஆசீர்வாதம். உங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அவர்களுக்கு இக்கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கார் உறை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. உங்கள் அத்தை உங்கள் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் நேற்றே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். டாக்டர் சொன்னால் போதுமா, லைசன்ஸ் வேண்டாமா என்றேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்ததாம், தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறாள். அவள் அப்பாவின் மருந்துக்கடைக்கு ஒரு வேன் இருந்தது எனக்குத் தெரியும். அதை யார் ஓட்டினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. "ஏன் இத்தனை வருஷமாச் சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கல. அதோட உங்களுக்கு ஓட்டறதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு" என்றாள். ஆகவே, வண்டி நகராது, ஓட்ட ஆளில்லை, வாடகைக் காரில் வரவும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். விமான நிலையத்துக்கு அவள் வருகிறாள். இதை அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபால் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், எழுத்து கோணலாக இருக்காது, அவள் அவ்வளவு சீராக ஓட்டுகிறாள். எதிரே ஏதோ ஒரு விளக்கு எரிகிறது. என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பாம். நான் பெல்ட் போடவில்லையாம்.